வீட்டு மீன்தொட்டியில் நீரோட்டம்

உங்களில் பலர் வீட்டில் மீன் வளர்ப்பீர்கள். சிலர் தொட்டிக்குள் பிளாஸ்டிக் செடிகளுக்குப் பதிலாக உயிருள்ள செடிகளையே வைத்திருப்பீர்கள். "செடி இருக்கிறது, அது பிராணவாயு தரும், மீன்களுக்கு என்ன குறை?" என்று நீங்கள் எண்ணியிருந்தால், சென்ற மே மாதம் வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். அந்த எண்ணத்தின் விலை மூன்று மீன்கள். அவை ஏன் செத்தன, பிறகு தொட்டியில் என்ன மாற்றம் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் ஏழாம் வகுப்பு. எங்கள் ஆச்சி இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் கட்டிலோடு இருக்கிறார்கள். பகல் முழுவதும் சுவரையே பார்த்துக் கொண்டிருப்பதற்குப் பதிலாக ஏதேனும் அசைவதைப் பார்க்கட்டும் என்று அப்பா வாங்கி வைத்ததுதான் இந்த மீன்தொட்டி. கட்டிலின் உயரத்துக்கே ஒரு மேசை போட்டு அதன்மேல் வைத்தோம். கப்பி மீன்கள் பன்னிரண்டு, ஏஞ்சல் மீன்கள் நான்கு. இவையெல்லாம் சென்னைக் கொளத்தூரிலிருந்து வருபவை என்று கடைக்காரர் சொன்னார். ஏஞ்சல் மீனுக்கு ஆச்சி வைத்த பெயர் "சம்மனசு மீன்". நாளடைவில் வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டோம்.

மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, ஐந்து மணி இருக்கும். "ஏ பிள்ளைகளா, சம்மனசெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது, வந்து பாருங்க" என்று ஆச்சி கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்து சென்று பார்த்தபோது ஒரு மீன் மணல்மேல் சாய்ந்து கிடந்தது. மற்ற மூன்றும் நீர்மட்டத்தில் வாயை வைத்துத் திணறிக் கொண்டிருந்தன. ஏழு மணிக்குள் மேலும் இரண்டு போயின. கப்பிகள் மட்டும் எல்லாம் பிழைத்துக் கொண்டன. கப்பியின் வாய் மேல்நோக்கி அமைந்தது. நீரின் மேல்தோல் போன்ற மெல்லிய அடுக்கில் காற்றோடு கலந்த பிராணவாயு சற்று அதிகம் இருக்கும். கப்பி அந்த நீரை உறிஞ்சியே காலம் தள்ளிவிடும். ஏஞ்சல் மீனுக்கு அந்த வசதி குறைவு. ஆச்சி அன்று முழுவதும் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை.

எங்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தொட்டியில் செடிகளுக்குக் குறைவே இல்லை. நாடா போன்ற நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா பின்பக்கம் முழுவதும் வேலி கட்டியதுபோல நின்றது. வலது மூலையில் ஹைட்ரில்லா மண்டிக் கிடந்தது. இந்த ஹைட்ரில்லாவைத்தானே பள்ளியில் புனலுக்குள் வைத்து, மேலே சோதனைக்குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்து, குமிழி குமிழியாகப் பிராணவாயு சேருவதைப் பார்த்தோம்? அந்தச் சோதனையை எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். ஆனால் "வெயிலில் வைத்து" என்ற சொல்லை மட்டும் மறந்துவிட்டோம். வெளிச்சம் உள்ளவரைதான் செடி பிராணவாயுவை வெளியிடும். மீனைப் போலவே செடியும் இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் அது ஆக்குவது செலவழிப்பதைவிட மிகுதி என்பதால் சுவாசம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்கை அணைத்த பிறகு வரவு நின்று செலவு மட்டும் நடக்கிறது. செடி அதிகமானால் இரவுச் செலவும் அதிகம். ஆகவே தொட்டியில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான். எங்கள் மீன்கள் செத்ததும் அந்த நேரத்தில்தான்.

அன்றியும் அது கோடைக்காலம். வெந்நீரில் காற்று குறைவாகவே கரையும் என்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். 20 டிகிரி செல்சியசில் 1 லிட்டர் நல்ல நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். எங்கள் ஊர் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. வெப்பத்தில் மீனுக்குப் பிராணவாயுத் தேவையும் கூடுகிறது. இருப்பு குறைந்து, தேவை கூடி, வரவும் நின்றுபோன இரவு அது.

"குமிழி விடும் காற்றுப் பம்பு இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. அதை நாங்கள்தான் இரவில் அணைத்து வைத்தோம். அது கொர்ரென்று சத்தம் போடும். ஆச்சிக்கு வலியினால் தூக்கம் வருவதே அரிது. வந்த தூக்கத்தையும் பம்பு கெடுக்கிறதே என்று, படுக்கப் போகும்போது அணைத்துவிட்டுக் காலையில் போடுவோம். பகலில் செடி தானே பிராணவாயு தரும் நேரத்தில் பம்பும் ஓடியது; தேவைப்பட்ட நேரத்தில் இரண்டும் இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் இப்படித் தலைகீழாக முடிந்தது. ஆச்சியின் உறக்கமும் கெடக்கூடாது, மீனும் சாகக்கூடாது. சத்தமில்லாமல் தண்ணீரை இரவு முழுவதும் அசைத்துக் கொண்டிருக்க வழி உண்டா? எங்கள் ஆராய்ச்சி இந்தக் கேள்வியில் தொடங்கியது.

குமிழிகளைப் பற்றி ஒரு செய்தி. குமிழிதான் நீருக்குள் காற்றைக் கரைக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். குமிழி ஓரிரு விநாடியில் மேலே வந்து உடைந்துவிடுகிறது. அதற்குள் கரைவது கொஞ்சம்தான். அது செய்யும் பெரிய வேலை, தன்னோடு அடிநீரை மேலே இழுத்து வந்து நீர்மட்டத்தைக் கலக்கிவிடுவது. காற்றும் நீரும் ஒன்றை ஒன்று தொடும் இடம் நீர்மட்டம்தான். அங்கே பிராணவாயு உள்ளே வருகிறது, மிகுதியான கரியமில வாயு வெளியே போகிறது. ஆனால் மேலே இருக்கும் நீரே அங்கே அசையாமல் கிடந்தால், அது மட்டும் நிறைவு பெற்று, அடிநீர் பட்டினி கிடக்கும். எனவே குமிழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடிநீர் மேலே வர வேண்டும், மேல்நீர் கீழே போக வேண்டும், மேற்பரப்பில் சிற்றலை ஓயாமல் இருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் பழங்கதை. 1832-ஆம் ஆண்டில் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டிகளைச் செய்து கடலுயிர்களை அவற்றில் வைத்து ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி. ழான் வில்ப்ரே பவர் என்பது அவர் பெயர். பிரான்சு நாட்டில் செருப்புத் தைக்கும் ஒருவரின் மகளாகப் பிறந்து, பாரிசில் ஆடை தைக்கும் தொழில் செய்தவர். ஆர்கோநாட் என்னும் உயிரினம் தன் ஓட்டைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது என்று கண்டறிந்தது அவரே. தையல் வகுப்பை இளக்காரமாக எண்ணும் தோழியர் கவனிக்க! பிறகு 1850-இல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் ஒரு தொட்டியில் விட்டு, பம்பு எதுவும் இல்லாமலே வாழ வைத்துக் காட்டினார். இலைகள் அழுகி நீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டு அதைத் தெளியச் செய்தார். நாங்கள் வளர்த்ததும் அதே வாலிஸ்னேரியா இனம். அவர் தொட்டியில் ஓட்டமில்லாத நீரில் மீன் வாழ்ந்ததே, எங்கள் தொட்டியில் ஏன் சாக வேண்டும்? விடை எளிது. அவரிடம் இருந்தவை இரண்டே மீன்கள். லண்டன் குளிர்ந்த ஊர். எங்களிடம் பதினாறு மீன்கள், மாதம் மே.

சரி, எங்கள் தொட்டியின் கணக்கைப் பார்ப்போம். நீளம் 90 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 40 செ.மீ. அடியில் மணல் 5 செ.மீ., மேலே காலியிடம் 5 செ.மீ. போக நீரின் உயரம் 30 செ.மீ. ஆகவே 90 × 30 × 30 = 81,000 கன செ.மீ., அதாவது 81 லிட்டர். இடது மூலையில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் ஒரு பில்டர் இருந்தது. அதற்குச் சத்தம் கிடையாது. மணிக்கு 600 லிட்டர் நீரை இறைக்கும் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தது. செடியுள்ள தொட்டியில் மொத்த நீரும் மணிக்கு நான்கைந்து முறையாவது சுற்றி வர வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 600-ஐ 81-ஆல் வகுத்தால் 7-க்கு மேல் வருகிறது. காகிதத்தில் எல்லாம் சரிதான்!

அச்சிட்டதை நம்பாமல் அளந்து பார்த்தோம். பில்டரின் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே தூக்கி, 1 லிட்டர் குவளை நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினோம். 12 விநாடி. அப்படியானால் மணிக்கு 300 லிட்டர்தான், அச்சிட்டதில் பாதி. பில்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பஞ்சு சேறு பிடித்துக் கருத்துப் போயிருந்தது. அதைப் பிழிந்து கழுவி மாட்டியதும் 8 விநாடியில் குவளை நிறைந்தது. மணிக்கு 450 லிட்டர். பஞ்சில்லாத வெறும் பம்பு, நீரை மேலே தூக்காமல் தள்ளினால் எவ்வளவு வருமோ அதைத்தான் பெட்டியில் அச்சிடுகிறார்கள் போலிருக்கிறது.

அடுத்து ஒரு தவறு செய்தோம். கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது, "பெரிய பில்டராகப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அப்பாவை நச்சரித்து மணிக்கு 1,200 லிட்டர் பில்டர் வாங்கினோம். மாட்டியதும் இடப்பக்கச் செடிகள் புயலில் சிக்கிய வாழையைப் போலச் சாய்ந்தன. மணல் குழி பறிந்தது. கப்பிகளின் பெரிய வால் பாய்மரம்போல நீரோட்டத்தில் அகப்பட்டு, அவை எதிர்நீச்சல் போட்டே களைத்துப் போயின. மிஞ்சியிருந்த ஒரே ஏஞ்சல் மீன் வலது மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டது. அந்த மூலையிலோ நீர் முன்போலவே அசையாமல் கிடந்தது! இரண்டாம் நாளே பழைய பில்டரை மாட்டிவிட்டோம். கடைக்காரர் பெரியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் பரணில் இருக்கிறது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லாததே எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது.

எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது ஒன்று. எங்கே ஓடுகிறது என்பது வேறொன்று. இந்த இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு, "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, கொடியைக் கட்டித்தான் பார்க்க வேண்டும்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாயிருந்தது.

தென்னந்துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவிக் கழுவினோம். தையல் பெட்டியிலிருந்த எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் உண்டு. அதில் ஓர் இழையைப் பிரித்து 4 செ.மீ. வெட்டி ஈர்க்கின் நுனியில் கட்டினோம். சிவப்பு நூல் நன்றாகத் தெரிந்தது. இதைத் தண்ணீருக்குள் விட்டால், நீர் அசையாத இடத்தில் நூல் தொங்கும். மெல்ல ஓடும் இடத்தில் சாயும். வேகமாக ஓடும் இடத்தில் படுத்துத் துடிக்கும். தொங்கினால் 0, சாய்ந்தால் 1, துடித்தால் 2 என்று மதிப்பெண் கொடுத்தோம். தொட்டியின் நீளத்தை ஆறு பங்காகவும், அகலத்தை முன், பின் என்று இரண்டாகவும், உயரத்தை மேல், கீழ் என்று இரண்டாகவும் பிரித்தால் 24 இடங்கள். கட்டம் போட்ட நோட்டில் தொட்டியை வரைந்து, தங்கை ஈர்க்கைப் பிடிக்க, அக்காள் எழுதினாள். ஒவ்வோர் இடத்திலும் கையை அசைக்காமல் இருபது வரை எண்ண வேண்டும். தங்கைக்கு அந்தப் பொறுமை இருந்தது வியப்புத்தான்.

24 இடங்களில் 10 இடங்களுக்கு மதிப்பெண் 0. அந்தப் பத்தும் சிதறிக் கிடக்கவில்லை. எட்டு இடங்கள் வலப்பக்கத்தில், பெரிய கல்லுக்கு அப்பால். மற்ற இரண்டு, பின்பக்க வாலிஸ்னேரியாவின் அடியில். படத்தைப் பார்த்ததும் காரணம் தெளிவாயிற்று. பில்டரின் வாய் முன்கண்ணாடியை நோக்கித் திரும்பியிருந்தது. வெளியே வந்த நீர் 30 செ.மீ. தூரத்தில் கண்ணாடியில் மோதி, அப்படியே திரும்பி வந்து பில்டருக்குள் மறுபடியும் நுழைந்தது. ஒரே நீரைத்தான் மீண்டும் மீண்டும் வடிகட்டிக் கொண்டிருந்தோம். நடுவில் அழகுக்காக வைத்த கல் அணையைப்போல மறித்தது. மின்சார பிளக் இடப்பக்கச் சுவரில் இருந்ததால் பில்டர், காற்றுப் பம்பு இரண்டையும் அந்தப் பக்கமே வைத்தது மூல காரணம்.

அசையாத அந்தப் பகுதியில் என்னென்ன கண்டோம் தெரியுமா? நீர்மட்டத்தில் எண்ணெய் படர்ந்ததுபோல ஒரு ஆடை. இது இரையிலும் அழுகிய இலையிலும் உள்ள கொழுப்பும் புரதமும் மிதந்து சேர்வது. காற்றுக்கும் நீருக்கும் நடுவே திரைபோல நின்று தடுக்கும். வெள்ளைக் காகிதத்தை நீர்மேல் விரித்து எடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அடியில் மீன் எச்சமும் தின்னாத இரையும் குவிந்திருந்தன. மணலைக் கிளறினால் கறுப்பு அடுக்கு. அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அது. மீன் கழிவிலுள்ள அம்மோனியா என்னும் நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்களுக்கோ பிராணவாயு வேண்டும். ஓட்டமில்லாத இடத்தில் அவை பட்டினி. நாற்றக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

செடிக்கும் நீரோட்டம் வேண்டும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. ஹைட்ரில்லாவின் உள்பக்க இலைகள் பழுத்து உதிர்ந்ததற்கு வெளிச்சம் போதாமை மட்டுமே காரணம் என்று எண்ணியிருந்தோம். இலையின் மேல் ஒட்டியுள்ள நீர், சுற்றிலும் நீர் ஓடினாலும் அசையாமல் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். இந்த எல்லைப் படலத்தைப் பற்றி 1904-ஆம் ஆண்டில் முதன்முதல் விளக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் பிரான்டில். விமானத்தின் இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதை அறிய உதவிய அதே தத்துவம் மீன்தொட்டி இலைக்கும் பொருந்துகிறது! செடிக்கு வேண்டிய கரியமில வாயுவும் சத்துகளும் இந்தப் படலத்தை ஊடுருவித்தான் இலைக்குள் போக வேண்டும். ஒரு வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவானது. தோட்டத்துச் செடிக்கு இது பெரிய கவலையில்லை. நீருக்குள் வாழும் செடிக்கு ஒரு மில்லிமீட்டர் படலமே நெடுந்தூரம். நீர் ஓடினால் படலம் மெலிகிறது, நின்றால் தடிக்கிறது. தாமிரபரணியில் குளிக்கப் போகும்போது படித்துறையை அடுத்த நீர்ச்செடிகள் எப்போதும் ஒரே திசையில் தலைசாய்த்து ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். அவை பசுமையாக இருப்பதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

இனி, செய்த மாற்றங்கள். முதலில் செடிகளைக் கழித்தோம். ஹைட்ரில்லாவில் பாதியைப் பிடுங்கினோம். வாலிஸ்னேரியாவை மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டு, மீதியைப் பின்கண்ணாடியை ஒட்டாமல் இரண்டு விரற்கிடை முன்னால் தள்ளி நட்டோம். செடிக்குப் பின்னாலும் நீர் போக வழி வேண்டும் அல்லவா? பெரிய கல்லை எடுத்துவிட்டு இரண்டு சிறு கற்களை நீரோட்டத்துக்கு நெடுக்காக வைத்தோம். கறுத்த மணலை ஒரேயடியாகக் கிளறாமல், நான்கு வாரங்களில் சிறிது சிறிதாகக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம். ஒரே நாளில் கிளறினால் அந்த நச்சு முழுவதும் நீரில் கலந்துவிடும்.

அடுத்தது துளைக்குழாய். பில்டரின் ஒரே வாயிலிருந்து பாய்கிற நீரைத் தொட்டியின் நீளம் முழுவதும் பகிர்ந்து கொடுப்பதே இதன் நோக்கம். உள்விட்டம் 12 மி.மீ. உள்ள பிளாஸ்டிக் குழாயை 80 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தக்கையால் அடைத்து, மறுமுனையைப் பில்டரில் மாட்ட வேண்டும். அப்பா 3 மி.மீ. டிரில்லால் துளை போட்டுக் கொடுத்தார்கள். துளை அதிகமானால் நல்லது என்று நாங்கள் முதலில் 32 துளை போடச் சொன்னோம். நீர் எல்லாத் துளையிலும் வடிந்ததே தவிர எதிலும் பாயவில்லை. அப்போதுதான் வட்டத்தின் பரப்பளவு நினைவுக்கு வந்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குழாய்க்கு 12 × 12 = 144; துளைக்கு 3 × 3 = 9. 144-ஐ 9-ஆல் வகுத்தால் 16. பதினாறு துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்புக்குச் சமம். 32 துளை போட்டதால் நீர் வெளியேறும் வழி இரட்டிப்பாகி வேகம் பாதியாயிற்று. வேறொரு குழாயில் 5 செ.மீ.க்கு ஒன்றாக 16 துளை போட்டோம். இம்முறை நீர் பாய்ந்தது. கணக்குப் பாடம் வீட்டில் உதவும் என்று இதுவரை நம்பாதவர்கள் நாங்கள்.

இந்தக் குழாயைப் பின்கண்ணாடியின் மேற்புறம், நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே, துளைகள் முன்பக்கம் பார்த்துச் சற்றே மேல்நோக்கி இருக்குமாறு பொருத்தினோம். வரிசையாக வெளிவரும் நீர் மேற்பரப்பைச் சுருக்கியபடியே முன்னே வருகிறது. முன்கண்ணாடியில் பட்டு இறங்குகிறது. மணல்மேல் தவழ்ந்து பின்பக்கம் செல்கிறது. செடிகளின் ஊடே ஏறுகிறது. சப்பாத்திக் குழவி உருளுவதைப்போலத் தொட்டி நீர் முழுவதும் உருளுகிறது. குழாய் நீருக்குள்ளேயே இருப்பதால் சலசலப்பு இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே வைத்தால் அருவிபோல விழுந்து சத்தம் போடும். ஆச்சி அறைக்கு அது ஆகாது. அன்றியும், சிலிண்டர் வைத்துக் கரியமில வாயு கொடுத்துச் செடி வளர்ப்பவர்கள் நீரை அதிகம் தெறிக்க விட்டால் அந்த வாயு வீணாக வெளியேறிவிடும். எங்களைப்போல அதெல்லாம் இல்லாதவர்களுக்குச் சிற்றலை நன்மையே செய்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பில்டரின் வயர் நேராகப் பிளக்குக்கு ஏறாமல், ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிறகு ஏற வேண்டும். வயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. எங்கள் வீட்டில் இது முன்பு இல்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஈர்க்கும் நூலுமாக அமர்ந்தோம். 24 இடங்களில் இரண்டு மட்டுமே 0; இரண்டும் வலது கீழ்மூலையில். 2 பெற்றவை மூன்று. மற்ற பத்தொன்பதும் 1. எல்லா இடமும் 1 ஆக இருக்க வேண்டுமென்று தங்கைக்கு ஆசை. ஆனால் ஏஞ்சல் மீன் உறங்குவது அந்த அமைதியான மூலையில்தான் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, அங்கே சேரும் கசடை மட்டும் ஞாயிறுதோறும் உறிஞ்சி எடுக்கிறோம். நீர்மேல் ஆடை படர்வது நின்றுவிட்டது. ஹைட்ரில்லாவின் உள்பக்கத்தில் புதுத் தளிர் வந்தது மூன்றாம் வாரத்தில்.

மின்தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில்டர் நின்றால் நீரோட்டமும் நிற்கிறது. பகலில் சிறிது நேரம் நின்றால் தீங்கில்லை. இரவில் நெடுநேரம் மின்சாரம் இல்லையென்றால், ஒரு குவளையால் தொட்டி நீரையே மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து கால்மணிக்கொரு முறை ஊற்றுகிறோம். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்புகளும் கடையில் கிடைக்கின்றன. மின்சாரம் வந்ததும் பில்டரை அப்படியே போட்டுவிடக் கூடாது. பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்த பஞ்சில் நல்ல பாக்டீரியாக்கள் மூச்சுமுட்டி மடிந்து, அந்த அழுகல் நீர் முதல் வீச்சில் தொட்டிக்குள் வந்துவிடும். பஞ்சைப் பிழிந்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பிழிவதற்கும் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரின் அந்த நல்லவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த நீரில் பிழிந்தால் போதும்.

ஆகஸ்டு மாதத்தில் மேலும் இரண்டு ஏஞ்சல் மீன்களை வாங்கி விட்டோம். இரவில் தொட்டி ஓடுகிறதா என்று கேட்கும் அளவுக்குத்தான் பில்டரின் ஓசை இருக்கிறது. பஞ்சு அடைப்பதைக் கண்டுபிடிக்க இப்போது எங்களுக்குக் குவளையும் கடிகாரமும் வேண்டியதில்லை, ஆச்சியே போதும். தொட்டிக்கு மேலே உள்ள சிறிய எல்.ஈ.டி. விளக்கின் ஒளி, சிற்றலை வழியாக இறங்கும்போது மணலில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் நெளிகின்றன. கட்டிலில் படுத்தபடி ஆச்சி பார்த்துக் கொண்டிருப்பது அதைத்தான். போன மாதம் ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. "கோடு மெள்ள ஓடுது, என்னன்னு பாருங்க" என்றார்கள். எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சந்தேகத்தோடு குவளையை வைத்து எண்ணினோம். 11 விநாடி.